மறுநாள் காலையில் பிறந்த 'இளைஞர் அலை'

2022 நவம்பர் 8 அன்று அமெரிக்காவில் இடைக்காலத் தேர்தல் நடந்தது. மறுநாள் காலை, பல மாநிலங்களில் வாக்குகள் எண்ணி முடிக்கப்படுவதற்கு முன்பே, முடிவுகளுக்கான விளக்கம் எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. குடியரசுக் கட்சியின் 'சிவப்பு அலை' எழும் என்று மாதக்கணக்கில் ஆரூடம் சொல்லப்பட்டிருந்தது. (அமெரிக்க அரசியலில் சிவப்பு வலதுசாரிகளின் நிறம், இந்திய வாசகர் இதை நினைவில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.) அலை எழவில்லை. ஜனநாயகக் கட்சி செனட்டைத் தக்கவைத்துக்கொண்டது. பிரதிநிதிகள் அவையை 222க்கு 213 என்ற சிறு வேறுபாட்டில்தான் இழந்தது. இளைஞர்கள் திரண்டுவந்து தடுத்துவிட்டார்கள் என்பதே அந்தக் காலையின் விளக்கம். குடியரசுத் தலைவர் பைடன் செய்தியாளர் சந்திப்பில் இளைய வாக்காளர்களுக்கு நன்றி சொன்னார். வாக்காளர் பரப்புரை நடத்தும் அமைப்புகள் அதைத் தத்தம் வெற்றியாக எழுதிக்கொண்டன. இந்தியப் பல்கலைக்கழகங்களின் அரசியல் அறிவியல் துறைகளுக்கும் அந்த விளக்கம் சோதிக்கப்படாமலே வந்து சேர்ந்தது. 'இளைஞர் வாக்கு' பற்றிய ஆய்வு முன்மொழிவுகளின் முதல் பத்தியில் இன்னமும் குடியிருக்கிறது.

அந்த விளக்கம் பிழையானது. பிழை என்பதைவிட, வசதியானது என்பது பொருத்தம். அதனால் யாருக்கு வசதி என்பதைப் பார்ப்பதற்கு முன் எண்களைப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் சொல். இந்தியாவில் 1971இலும் 1980இலும் நடந்தவற்றை இடைக்காலத் தேர்தல் என்பது வழக்கம். ஆயுள் முடியுமுன் கலைக்கப்பட்ட மக்களவைக்கு நடந்தவை அவை. அமெரிக்காவின் இடைக்காலத் தேர்தல் நெருக்கடியால் வருவதன்று, நாட்காட்டியால் வருவது. குடியரசுத் தலைவரின் நான்காண்டுப் பதவிக்காலத்தின் நடுவில் பிரதிநிதிகள் அவையின் 435 இடங்களுக்கும், செனட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கும், பெரும்பாலான மாநில ஆளுநர் பதவிகளுக்கும் அது நடக்கிறது. குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டி இல்லாததால் கூட்டமும் குறைவு. 2014இல் தகுதியுடையோரில் சுமார் 36 விழுக்காட்டினரே வாக்களித்தனர். உலகப் போர்க்காலமான 1942க்குப் பிறகு அவ்வளவு தாழ்ந்ததில்லை. 2018இல் அது ஏறத்தாழ 50 விழுக்காடாக உயர்ந்தது. ஒரு நூற்றாண்டில் காணாத உயரம். இளைஞர்களைப் பற்றிய எந்தக் கூற்றும் இந்த ஏற்ற இறக்கத்துக்குள் வைத்துப் படிக்கப்பட வேண்டியது. எல்லா வயதினரும் ஏறும்போது இளைஞரும் ஏறுகிறார்கள். பழைய இடைவெளி மூடிவிட்டதா என்பது தனிக் கேள்வி.

டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் 'சர்க்கிள்' என்னும் ஆய்வு மையம் 18 முதல் 29 வயது வரையிலானோரின் வாக்களிப்பைப் பல ஆண்டுகளாகக் கணித்து வருகிறது. 2022 தேர்தலுக்கு மறுநாள் அது வெளியிட்ட முதல் மதிப்பீடு 27 விழுக்காடு. இடைக்காலத் தேர்தல்களில் ஏறத்தாழ முப்பதாண்டுகளில் இரண்டாவது உயர்ந்த அளவு என்ற குறிப்புடன் அந்த எண் உலகைச் சுற்றி வந்தது. பின்னர் மாநிலங்களின் வாக்காளர் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டதும், யார் உண்மையில் வாக்களித்தார் என்ற பதிவை வைத்து அதே மையம் கணக்கைத் திருத்தியது. திருந்திய எண் 23. முந்தைய 2018 தேர்தலில் பதிவேட்டுக் கணக்கு 28. நான்கு புள்ளி வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் 28இலிருந்து 27 என்றால் 'நிலைத்து நின்றது' என்று எழுதலாம், 28இலிருந்து 23 என்றால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சரிவு. ஒரே தேர்தலைப் பற்றிய இரண்டு வரலாறுகள் இவை. முதல் வரலாறு முதற்பக்கத்தில் வந்தது. இரண்டாவதை அந்த மையத்தின் அறிக்கைகளைத் தொடர்ந்து படிப்பவர்களே அறிவார்கள்.

மையத்தின் மீது குற்றமில்லை. மதிப்பீட்டை மதிப்பீடு என்றே சொன்னது, திருத்தத்தையும் தானே வெளியிட்டது. குற்றம் மதிப்பீட்டை முடிவாகப் படித்தவர்களுடையது. பிழை எப்போதும் ஒரே திசையில் போவதுமில்லை. 2024 குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு மறுநாள் அதே மையம் சொன்னது 42 விழுக்காடு. பதிவேடுகள் வந்த பின் அது 47 ஆனது. இம்முறை மறுநாள் காலையின் கதை 'இளைஞர்கள் கைவிட்டுவிட்டார்கள்' என்பது. 2020இல் இந்த வயதினரிடம் ஜனநாயகக் கட்சிக்கு இருந்த 24 புள்ளி முன்னிலை, வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்பின்படி 2024இல் 11 ஆகச் சுருங்கியதும் உண்மைதான். ஆக, இரண்டே ஆண்டுகளில் மீட்பர்கள் துரோகிகளானார்கள். ஒரு தலைமுறையின் குணம் இரண்டாண்டில் அப்படித் தலைகீழாக மாறுவதில்லை.

இன்னொரு குழப்பத்தையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். வாக்குச்சாவடி வாசலில் எடுக்கப்படும் கணிப்பு, வாக்களித்தவர்களில் இத்தனை பங்கு இளைஞர் என்று சொல்லும். அது இளைஞர்களில் இத்தனை பங்கினர் வாக்களித்தனர் என்பதாகாது. முதியவர்கள் ஒரு தேர்தலில் குறைவாக வந்தாலே இளைஞரின் பங்கு உயர்ந்துவிடும். இளைஞர் ஒருவர்கூட அதிகமாக வந்திருக்க வேண்டியதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ஆய்வோ வீட்டுக்கு வீடு கேட்டறிவது. வாக்களிக்காதவரும் வாக்களித்ததாகச் சொல்லும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. 2018 தேர்தலுக்கு அந்த ஆய்வு இதே வயதினருக்குத் தரும் எண் 36. பதிவேட்டுக் கணக்கு 28. ஒரு கட்டுரையின் முதல் பக்கத்தில் 36ஐயும் மூன்றாம் பக்கத்தில் 28ஐயும் அருகருகே ஒப்பிட்டு 'சரிவு' கண்டுபிடிக்கும் ஆய்வேடுகள் உண்டு. நெறியாளர்கள் அவற்றில் கையெழுத்தும் இடுகிறார்கள்.

இதனால் எதுவுமே நடக்கவில்லை என்றாகாது. 2014இல் பதிவேட்டுக் கணக்குப்படி 13 விழுக்காடாக இருந்த இளைஞர் வாக்களிப்பு 2018இல் 28 ஆனது, இரட்டிப்புக்கும் மேல். அந்த ஆண்டு பிப்ரவரி 14 அன்று ஃபுளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். தப்பிய மாணவர்கள் முன்னின்று நடத்திய மார்ச் மாதப் பேரணிகள் ஊர் ஊராக வாக்காளர் பதிவு முகாம்களாக மாறின. அந்த இயக்கத்தில் களப்பணி செய்த மேக்ஸ்வெல் ஃப்ராஸ்ட் 2022இல் 25 வயதில் ஃபுளோரிடாவிலிருந்து பிரதிநிதிகள் அவைக்குச் சென்றார். 2022இலும் சினத்துக்குக் காரணம் இருந்தது: அவ்வாண்டு ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றம் கருக்கலைப்புக்கான அரசமைப்புப் பாதுகாப்பை நீக்கியது. சினம் உண்மை, உழைப்பும் உண்மை. கேள்வி, அவை எங்கே வாக்காக மாறின, எங்கே மாறவில்லை என்பது.

அதற்கு நாடு தழுவிய சராசரி எதையும் சொல்லாது. மாநிலங்களைத்தான் பார்க்க வேண்டும். நாடெங்கும் 23 விழுக்காடாக இருந்த அதே நாளில் மிச்சிகனில் இளைஞர் வாக்களிப்பு 36ஐத் தாண்டியது. டென்னசியில் 13ஐ ஒட்டியே நின்றது. கருக்கலைப்புத் தீர்ப்பின் சினம்தான் இளைஞரை வாக்குச்சாவடிக்கு ஓட்டியது என்றால், டென்னசியில் அது கூடுதலாக அல்லவா வேலை செய்திருக்க வேண்டும்? அங்கேதான் தீர்ப்பைத் தொடர்ந்து அந்த ஆகஸ்டிலேயே ஏறத்தாழ முழுமையான தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

மிச்சிகனில் நடந்தது வேறு. 2018இல் அம்மாநில வாக்காளர்கள் ஒரு பொதுவாக்கெடுப்பின் மூலம் தங்கள் மாநில அரசமைப்பையே திருத்தினார்கள். ஓட்டுநர் உரிமம் போன்றவற்றுக்காக அரசு அலுவலகம் செல்லும்போதே வாக்காளராகப் பதிவாகும் முறையும், வாக்குப்பதிவு நாளன்றே பெயர் சேர்த்து அன்றே வாக்களிக்கும் உரிமையும் அதில் வந்தன. 2022 தேர்தல் இரவில் ஆன் ஆர்பரின் மிச்சிகன் பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். சாவடி மூடும் நேரத்துக்கு முன் வரிசையில் சேர்ந்தவர்கள் நள்ளிரவு கடந்தும் காத்திருந்து வாக்களித்தார்கள். ஊடகங்கள் அந்தப் படத்தை இளைஞர் எழுச்சியின் சின்னமாகக் காட்டின. அந்த வரிசை உருவாகக் காரணமே அன்றே பதிவு செய்யலாம் என்ற விதிதான் என்பது படவிளக்கத்தில் பெரும்பாலும் இல்லை. டென்னசியில் 30 நாட்களுக்கு முன்பே பதிவு முடிந்துவிடும். தேர்தல் சூடுபிடிக்கும் கடைசி வாரத்தில் மனம் மாறிய இருபது வயதினருக்கு அங்கே நிற்பதற்கு வரிசையே கிடையாது. அடையாளமாகத் துப்பாக்கி எடுத்துச்செல்லும் உரிமத்தை அம்மாநிலம் ஏற்றுக்கொள்கிறது. மாணவர் அடையாள அட்டையை ஏற்றுக்கொள்வதில்லை.

மிச்சிகனில் போட்டியும் கடுமையாக இருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆளுநர் பதவி, மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகள், கருக்கலைப்பு உரிமையை மாநில அரசமைப்பில் சேர்க்கும் பொதுவாக்கெடுப்பு எல்லாம் ஒரே சீட்டில் இருந்தன. டென்னசியில் ஆளுநர் தேர்தலின் முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான். ஆகவே விதி மட்டுமே காரணம் என்பாரும் மிகைப்படுத்துகிறார்கள். ஆனால் விதி, போட்டி, சினம், களப்பணி ஆகிய நான்கில் முதலிரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதைப் பாடி நான்காவதற்கு விருது வழங்குவதுதான் வழக்கமாகியிருக்கிறது. அந்த நான்காவதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனெனில் 'அடித்தள இளைஞர் பரப்புரை' என்ற சொற்றொடரில் மிகுந்த பொய் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

வாக்காளரை வரவழைப்பதற்கு எது பயன்படும் என்பது இன்று ஊகிக்க வேண்டிய பொருளன்று. ஆலன் கெர்பரும் டொனால்டு கிரீனும் 1998இல் நியூ ஹேவனில் நடத்திய களப் பரிசோதனையின் முடிவுகள் 2000இல் வெளியாயின. நேரில் சென்று பேசியவர்களிடையே வாக்களிப்பு ஏறத்தாழ 9 புள்ளி உயர்ந்தது. அஞ்சலில் அனுப்பிய தாள்களால் அரைப்புள்ளி. நிறுவனங்கள் வழிச் செய்த தொலைபேசி அழைப்புகளால் பயனே இல்லை. பின்வந்த நூற்றுக்கணக்கான பரிசோதனைகள் அந்த 9ஐக் குறைத்தன; பேசுபவர் யார், எந்தத் தேர்தல், எந்த ஊர் என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது. ஆயினும் வரிசை பெரிதும் மாறவில்லை: ஆளுக்கு ஆள் பேச்சு மேலே, எந்திரத்தின் செய்தி கீழே. 2020இல் வெளிவந்த நூலொன்றில் ஜான் ஹோல்பைனும் சன்ஷைன் ஹில்லிகஸும் இதற்கு ஒரு தெளிவான அடித்தளம் தந்தார்கள். இளைஞர்களுக்கு அரசியல் ஆர்வம் இல்லை என்பது பொய். வாக்களிக்கும் எண்ணம் அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இருக்கிறது. எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையில் பதிவு, முகவரி, விடுப்பு, வழி என்று வரும் சிறு தடைகளைக் கடப்பதில்தான் அவர்கள் தோற்கிறார்கள் என்பது அவர்களின் வாதம். அந்தத் தடைகள் சட்டத்தால் குறையலாம், பழகிய ஒருவரின் துணையாலும் குறையலாம். 'உன் குரல் முக்கியம்' என்ற வாசகம் அச்சிட்ட சட்டையால் குறையா.

ஆனால் பணம் சட்டைக்கும் குறுஞ்செய்திக்கும்தான் போகிறது. காரணம் எளிது. ஆளுக்கு ஆள் பேச ஆள் வேண்டும், பயிற்சி வேண்டும், அவர் அந்தத் தெருவில் தெரிந்தவராக இருக்க வேண்டும். அதற்கு ஓராண்டு, ஈராண்டு ஆகும். நன்கொடையாளரின் காசோலையோ செப்டம்பரில் வருகிறது. இரண்டு மாதத்தில் கணக்குக் காட்ட வேண்டிய அமைப்பு பத்து லட்சம் குறுஞ்செய்திகள் அனுப்பியதாகக் கணக்குக் காட்டுகிறது. தேர்தல் முடிந்த வாரத்தில் வாடகை அலுவலகம் காலியாகிறது. வாக்காளர்களின் தொலைபேசி எண்கள் மென்பொருளில் உறங்குகின்றன. பழக்கம் பிடித்திருந்த களப்பணியாளர் வேறு வேலை தேடிப் போகிறார். முற்போக்கு அமைப்புகளின் வீடுவீடான களப்பணி எவ்வாறு ஒப்பந்த நிறுவனங்களிடம் விடப்பட்டது, அதில் சேர்ந்த இளைஞர்கள் எவ்வாறு உறிஞ்சித் துப்பப்பட்டார்கள் என்பதை டேனா ஃபிஷர் 2006இலேயே ஒரு நூலாக எழுதிவிட்டார். ஆட்களைத் திரட்டுவதும் ஆட்களை வளர்ப்பதும் ஒன்றல்ல என்பதை ஹாரி ஹான் 2014இல் அமைப்புகளுக்குள் நுழைந்து ஆராய்ந்து காட்டினார். இவை மறைவான ஏடுகளில் கிடப்பவையல்ல, பாடத்திட்டங்களில் இருப்பவை. படித்தும் பொருட்படுத்தவில்லை என்பதே நிலை.

இதைவிடக் கசப்பான கண்டுபிடிப்பு ஒன்றும் உண்டு. ரயன் ஈனோஸ், ஆன்டனி ஃபவுலர், லின் வாவ்ரெக் மூவரும் முந்தைய பல களப் பரிசோதனைகளின் தரவை மீண்டும் அலசி 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாக்களிக்க அழைக்கும் பரப்புரைகளில் பெரும்பாலானவை, ஏற்கெனவே வாக்களிக்கும் பழக்கமுள்ளவர்களை மேலும் வரவழைத்து, வருபவர்களுக்கும் வராதவர்களுக்கும் உள்ள இடைவெளியை அகலப்படுத்தவே செய்கின்றன என்பது அதன் முடிவு. இளைஞர் பரப்புரையில் இது கண்ணுக்குத் தெரியும் வடிவத்தில் நிகழ்கிறது. பதிவு மேசை எங்கே போடப்படுகிறது? பல்கலைக்கழக உணவுக்கூடத்தின் வாசலில். ஒரே இடத்தில் ஆயிரம் பேர் கிடைப்பார்கள், செலவு குறைவு, படம் நன்றாக வரும். கல்லூரி மாணவர்களின் வாக்களிப்பைத் தனியே கணிக்கும் டஃப்ட்ஸ் ஆய்வின்படி 2014இல் 19 விழுக்காடாக இருந்தது 2018இல் சுமார் 40 ஆனது. அதே தேர்தலில் எல்லா இளைஞருக்குமான எண் 28. மாணவர்களையும் உள்ளடக்கிய சராசரியே 28 என்றால், கல்லூரிக்கு வெளியே நின்றவர்களின் விகிதம் எங்கே கிடந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கணிதம் தேவையில்லை. கிடங்குகளில் வாரந்தோறும் மாறும் பணிநேரத்தில் உழைப்பவர், உணவகச் சமையற்கூடத்தில் நிற்பவர், குழந்தையோடு வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர் ஆகியோரும் இருபத்திரண்டு வயதினரே. அவர்களின் வாசலில் மேசை இல்லை. 1845இல் வகுத்த முறைப்படி இன்றும் ஒரு செவ்வாய்க்கிழமையில், கூட்டாட்சி அளவில் பொது விடுமுறை இல்லாத வேலைநாளில், தேர்தல் நடக்கிறது. 'இளைஞர் அலை' என்ற சொல் கல்லூரி இளைஞரின் ஏற்றத்தை எடுத்து எல்லா இளைஞருக்கும் போர்த்துகிறது. அந்தப் போர்வைக்குள் இவர்கள் காணாமற்போகிறார்கள்.

அடித்தளப் பணி என்ற சொல்லுக்கு அந்நாட்டிலேயே வேறொரு பொருள் இருந்ததுண்டு. 1961இல் பாப் மோசஸ் என்னும் இளம் ஆசிரியர் மிசிசிப்பியின் மக்கோம் நகருக்கு வந்தார். மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவின் பணி அங்கே தொடங்கியது. வந்தவர்கள் அப்பகுதி மக்களின் வீடுகளிலேயே தங்கினார்கள். பெயர் பதிய முன்வரும் ஒருவரோடு நீதிமன்ற வளாகம் வரை நடந்தார்கள். அரசமைப்புப் பிரிவுக்கு விளக்கம் எழுதச் சொல்லும் தேர்வுக்கு அவரைத் தயார் செய்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அவர்களுக்குத் துணைநின்ற விவசாயி ஹெர்பர்ட் லீ சுட்டுக் கொல்லப்பட்டார். 1962–63 குளிர்காலத்தில் லெஃப்ளோர் மாவட்ட நிர்வாகம் ஏழைகளுக்கான கூட்டாட்சி அரசின் உணவுப்பொருள் வழங்கலை நிறுத்திப் பழிவாங்கியபோது, பதிவுப் பணியாளர்கள் வட மாநிலங்களிலிருந்து உணவு திரட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உணவு வாங்க வந்தவர்களோடு வாக்குரிமை பற்றிப் பேசினார்கள். 1964 கோடையில் கொல்லப்பட்ட மூவரில் ஒருவரான ஆண்ட்ரூ குட்மனுக்கு வயது 20. அவருடைய நியூயார்க் மாநிலத்தில் வாக்குரிமை வயது அன்று 21. தமக்கே இல்லாத வாக்குக்காக அவர் அங்கே போயிருந்தார்.

இந்தப் பணியும் தனியே வென்றுவிடவில்லை. 1965க்கு முன் மிசிசிப்பியில் பதிவு பெற்ற கறுப்பின மக்கள் 6.7 விழுக்காடு, வாக்குரிமைச் சட்டம் வந்து, கூட்டாட்சிப் பதிவாளர்கள் இறங்கிய பின் 1967இல் அது ஏறத்தாழ 60. சட்டம் வந்ததும் மக்கள் உடனே பதிவு செய்ய முடிந்ததற்கு நான்காண்டுகளாக அந்தத் தெருக்களில் இருந்தவர்களே காரணம். அவர்கள் மட்டும் இருந்து சட்டம் வராதிருந்தால் அந்த 6.7 பெரிதாக அசைந்திருக்காது. சார்ல்ஸ் பெய்னின் 1995ஆம் ஆண்டு நூல் இந்த வரலாற்றைப் பொறுமையாகச் சொல்கிறது. செப்டம்பரில் கடை விரித்து நவம்பரில் கட்டும் இன்றைய பரப்புரைக்கும் 'அடித்தளம்' என்ற அதே பெயரைச் சூட்டுவது, குறைந்தபட்சம், சொற்களைப் பற்றிய அக்கறையின்மை.

இளைஞர் வாக்கைக் கொண்டாடுபவர்கள் கணக்கைப் படிக்காதபோது அதை அஞ்சுபவர்கள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். வாக்குரிமை வயதை 18 ஆக்கிய 26ஆம் திருத்தம் 1971 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. டெக்சாஸின் வாலர் மாவட்டத்தில், கறுப்பின மாணவர்களுக்கென 1876இல் நிறுவப்பட்ட பிரெய்ரி வியூ கல்லூரியின் மாணவர்களிடம், படித்து முடித்தும் இங்கேயே இருப்பாயா, உனக்கு இங்கே சொத்து உண்டா என்று ஒரு தனி வினாப்பட்டியலை அந்த மாவட்டப் பதிவு அலுவலர் நீட்டினார். அது செல்லாது என்ற முடிவை உச்ச நீதிமன்றம் 1979இல் உறுதிசெய்தது. கால் நூற்றாண்டு கழித்து அதே மாவட்டத்தின் அரசு வழக்கறிஞர், உள்ளூரில் வாக்களிக்கும் மாணவர்கள்மீது வழக்குத் தொடரப்போவதாக மிரட்டினார். 2008இல் முன்கூட்டிய வாக்குப்பதிவுக்கு வளாகத்தில் இடம் தராததால் மாணவர்கள் ஏறத்தாழ ஏழு மைல் நடந்து மாவட்டத் தலைநகருக்குச் சென்று வாக்களித்தார்கள். 2018 இடைக்காலத் தேர்தலில், முன்கூட்டிய வாக்குப்பதிவின் முதல் வாரத்தில் வளாகத்தில் சாவடி இல்லை என்று மீண்டும் வழக்கு. (இந்தியாவில் விடுதி மாணவர், கல்வி நிறுவனத் தலைவரின் சான்றோடு விடுதி முகவரியிலேயே பெயர் சேர்க்கலாம் என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. எத்தனை விடுதிகளின் அறிவிப்புப் பலகையில் அது ஒட்டப்பட்டிருக்கிறது என்பதும் ஆராயத்தக்க பொருளே. அதற்கு அமெரிக்கத் தரவு தேவையில்லை.)

இவ்வளவுக்கும் பிறகு அந்த மாணவர்களைப் பற்றி 'அக்கறையற்ற தலைமுறை' என்று எழுதுவதற்கும், 'சனநாயகத்தைக் காத்த தலைமுறை' என்று எழுதுவதற்கும் வேறுபாடு குறைவு. இரண்டும் வாக்களிப்பை மாணவரின் மனத்துக்குள் நிகழும் ஒன்றாக்குகின்றன. வினாப்பட்டியலை நீட்டிய கை இரண்டிலும் கண்ணுக்குப் படுவதில்லை. மனத்தைப் பற்றிய கட்டுரைக்கு ஒரு கருத்துக்கணிப்புக் கோப்பு போதும், மறுநாள் காலையிலேயே எழுதிவிடலாம். விதியையும் தெருவையும் பற்றிய கட்டுரைக்கு மாவட்ட ஆவணமும் இரண்டாண்டும் வேண்டும். ஆய்வுலகம் எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்பதை இதழ்களின் உள்ளடக்கப் பக்கங்கள் காட்டும்.

ஃபுளோரிடாவில் கல்லூரி வளாகங்களில் முன்கூட்டிய வாக்குப்பதிவு கூடாது என்று 2014இல் மாநில நிர்வாகம் தந்த விளக்கத்தை, 2018 ஜூலையில் கூட்டாட்சி நீதிமன்றம், இளைய வாக்காளர்களைப் பாகுபடுத்துவது என்று கூறித் தடுத்தது. வழக்காடியவற்றுள் குட்மனின் பெயரைத் தாங்கிய அறக்கட்டளையும் ஒன்று. அதே இலையுதிர்காலத்தில் டெக்சாஸின் ஆஸ்டின் சமுதாயக் கல்லூரி தன் பதினொரு வளாகங்களில் ஒன்பதில் தற்காலிகச் சாவடிகளைச் சொந்தச் செலவில் அமைத்திருந்தது. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிப்பவர்கள் நிறைந்த கல்லூரி அது. நாடெங்கும் பரப்புரை மேசைகள் எட்டாத இளைஞருக்கு மிக நெருங்கிய இடம். வகுப்புக்கும் பணிக்கும் இடையில் வந்து வாக்களிக்க முடிந்தது. 2019இல் டெக்சாஸ் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. முன்கூட்டிய வாக்குப்பதிவுச் சாவடி எதுவாயினும் அதற்குரிய காலம் முழுவதும் திறந்தே இருக்க வேண்டும். ஓரிரு நாட்களுக்கு மட்டும் இடம் மாறி அமையும் தற்காலிகச் சாவடிகள் இனி இல்லை. எல்லா நாளும் ஒன்பது வளாகங்களையும் திறந்துவைக்கக் கல்லூரியிடம் பணமில்லை. அந்தச் சாவடிகள் மூடப்பட்டன.